முக்காடும் மூடாத சாதியும்

பாளையங்கோட்டையில் முக்காடிட்ட கன்னியர், பெண்களுக்குக் கல்விக் கண் திறந்தனர், மறுக்கோம். ஆயினும் அந்த முக்காடு எங்கிருந்து வந்தது? இடைக்கால ஐரோப்பாவில் மணமான மகளிர் அணிந்த அன்றாட உடையே அது. உலகம் களைந்தது, மடம் காத்தது, பழமை புனிதமாயிற்று! காலத்துக்கும் இடத்துக்கும் ஏற்பத் துறவுடையைத் திருத்துமாறு வத்திக்கான் சங்கமே 1965-இல் பணித்தது.

எல்லோர் தலையிலும் ஒரே துணி. ஆகவே எல்லோரும் சமம் என்பர். மடத்தில் சேர்ந்து, வாழ்ந்து, வெளியேறிய பாமாவின் தன்வரலாறான ‘கருக்கு’ (1992) அந்தக் கூற்றை உரைத்துப் பார்க்கிறது. தாழ்த்தப்பட்ட பெண்களைச் சில சபைகள் சேர்ப்பதில்லை என்று மடத்திலேயே கேள்விப்பட்டதை அவர் எழுதுகிறார். கூந்தலை மறைத்த துணியால் குலத்தை மறைக்க முடியவில்லை! மடத்துத் தமிழை விடுத்து, தம் மக்களின் பேச்சுத் தமிழில் அவர் எழுதியதே நூலின் வெற்றி. எழுத்திலும் முக்காட்டைக் களைந்துவிட்டார்.

நெல்லைச் சீமைக்கு இக்கதை புதிதன்று. வடக்கன்குளத்தில் இரு சாதியாருக்கு இரு கூடமாக 1872-இல் எழுந்த கோயிலின் தடுப்புச் சுவர் 1910-இல் இடிக்கப்பட்டது. முக்காட்டை அணிவதும் களைவதும் கன்னியர் உரிமை. சாதியைக் களைவதோ சபையின் கடமை. உரிமையைப் பேசி, கடமையை மறப்போரை நோக்கியே ‘கருக்கு’ கேள்வி கேட்கிறது, நாமும் கேட்கின்றோம்.