'மைண்ட்' என்றால் மனசா?

ஆங்கிலம்–தமிழ் அகராதியில் 'மைண்ட்' என்ற சொல்லைத் தேடினால், 'மனம்' என்பதுதான் பெரும்பாலும் முதலில் வந்து நிற்கும். தப்பில்லை. இரண்டும் தூரத்துச் சொந்தம் கூட. ஆங்கில 'மைண்ட்', லத்தீன் 'மென்ஸ்', சமஸ்கிருத 'மனஸ்' மூன்றுமே நினைத்தல் என்ற பொருளுள்ள ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரிலிருந்து கிளைத்தவை. நம்ம 'மனம்' அந்த 'மனஸ்' வழியாக வந்தது. ஆனால் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் என்பதற்காக ஒருத்தர் கையெழுத்தை இன்னொருத்தர் போட முடியாது. தமிழ் மொழிபெயர்ப்புகளில் அடிக்கடி நடப்பது அதுதான்.

ஒரு சின்ன சோதனை செய்து பார்ப்போம். ஆங்கிலத்தில் 'மைண்ட்' வருகிற அன்றாடத் தொடர்களை எடுத்துக்கொண்டு, அதே இடத்தில் தமிழர் என்ன சொல்வார் என்று கேட்போம். 'நெவர் மைண்ட்': பரவாயில்ல, சரி விடு. 'பீஸ் ஆஃப் மைண்ட்': நிம்மதி. 'பிரசன்ஸ் ஆஃப் மைண்ட்': சமயோசிதம். 'ஆர் யூ அவுட் ஆஃப் யுவர் மைண்ட்': புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? 'இஃப் யூ டோண்ட் மைண்ட்': தப்பா நெனச்சுக்கலன்னா. ஐந்திலும் மனம் என்ற சொல்லே இல்லை. இத்தனைக்கும் இவை எதுவும் மொழிபெயர்க்க முடியாதவை அல்ல. சொல்லை விட்டுவிட்டுச் சூழ்நிலையைப் பிடித்தால் தமிழ் தானாக வந்து நிற்கிறது.

இந்தச் சொல் வினையாக வரும்போது வேடிக்கை இன்னும் கூடுகிறது. 'மைண்ட் தி பேபி' என்றால் குழந்தையைப் பாத்துக்கோ. 'மைண்ட் யுவர் ஓன் பிசினஸ்' என்றால் உன் வேலையைப் பாரு. 'மைண்ட் தி ஸ்டெப்' என்றால் படி இருக்கு, பாத்து வா. மூன்று இடத்திலும் தமிழ் நம்பியது கண்ணை. பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு நினைவு என்ற பொருளே முக்கியம். 'ரிமைண்ட்' என்ற சொல்லில் அது இன்றும் உயிரோடிருக்கிறது. நினைவில் வை என்பதிலிருந்து கவனமாயிரு என்பதற்கு ஆங்கிலம் நகர்ந்தது. தமிழ் அதே இடத்துக்குப் பார்வை வழியாக வந்து சேர்ந்தது.

லண்டன் சுரங்க ரயிலின் 'மைண்ட் தி கேப்' உலகப் புகழ் பெற்ற வாசகம். அதன் உறவுக்கார அறிவிப்பு ஒன்று சிங்கப்பூர் ரயில் நிலையங்களிலும் உண்டு. அங்கே ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் என நான்கு அதிகாரபூர்வ மொழிகள். ஜாக்கிரதை என்பதற்குச் சீனத்தில் 'சியாவ்சின்' என்பார்கள். பிரித்தால் 'சிறு இதயம்'. மலாயில் 'பெர்ஹாத்தி-ஹாத்தி'. 'ஹாத்தி' என்றால் ஈரல். உணர்ச்சி குடியிருக்கும் இடமாகவும் மலாய் மொழி அதைத்தான் சொல்கிறது. ஒரே எச்சரிக்கையை ஒருத்தர் நினைவைக் கொண்டும், ஒருத்தர் இதயத்தைக் கொண்டும், ஒருத்தர் ஈரலைக் கொண்டும், நாம் கண்ணைக் கொண்டும் சொல்கிறோம். சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தால் பயணிகள் ரயிலைத் தவறவிட்டிருப்பார்கள்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருவோம். தமிழ்ப் பேச்சில் மனசு வருகிற தொடர்களைக் கவனியுங்கள். மனசு வரல. மனசு கேக்கல. மனசு ஆறல. மனசு அடிச்சுக்குது. எல்லாவற்றிலும் எழுவாய் மனசுதான். நான் செய்வதற்கில்லை, அது செய்கிறது, அல்லது செய்ய மறுக்கிறது. 'மனசு கேக்கல' என்று சொல்லும்போது, சொன்ன பேச்சைக் கேட்காத ஒரு ஆள் நமக்குள்ளேயே குடியிருப்பது போலத் தொனிக்கிறது. ஆங்கிலத்தில் இந்த ஏற்பாடு பெரும்பாலும் தலைகீழ். ஒருவர் தன் 'மைண்டை' மாற்றுவார், தீர்மானிப்பார், ஒன்றில் செலுத்துவார், பிறகு வெளிப்படையாகப் பேசுவார். உரிமையாளர் அவர், 'மைண்ட்' அவர் கையிலுள்ள கருவி.

இதனால்தான் 'அவன் தன் மனதை மாற்றிக்கொண்டான்' என்ற வாக்கியம், இலக்கணப் பிழை இல்லாமலேயே, பல இடங்களில் உறுத்துகிறது. தமிழில் மனம் மாறுவது பெரிய சங்கதி. திருடன் மனம் மாறுவான். பிடிவாதமாக இருந்த மாமனார் மனம் மாறுவார். காதலித்தவர் மனம் மாறினால் கதையே மாறும். ஆங்கில நாவலில் ஒருத்தி காபி வேண்டாம், டீ கொடுங்கள் என்று சொல்வதற்கும் அதே தொடர் வரும். அங்கே 'மனம் மாறினாள்' என்று எழுதினால் தேநீருக்கு ஒரு சோகக் கதை ஒட்டிக்கொள்கிறது. 'காபி வேணாம்னுட்டா' என்பதே போதும். கொஞ்சம் கனமான முடிவு என்றால் 'முடிவை மாற்றிக்கொண்டாள்' என்று எழுதலாம்.

எழுத்து பார்க்கத் தவறிய இந்த வித்தியாசத்தைப் பேச்சுத்தமிழ் எப்போதோ பார்த்துவிட்டது. அதற்குச் சான்று 'மைண்ட்' என்ற கடன்சொல்லே. 'அவன் என் மைண்ட்லயே இல்ல' என்றால் மறந்தே போச்சு. 'அவன் என் மனசுல இல்ல' என்றால் விஷயம் வேறு, கல்யாணமே நின்றுவிடலாம். 'மைண்ட் வாய்ஸ்' என்று சிரிக்காமல் சொல்கிறோம். அதை 'மனக்குரல்' ஆக்கினால் தியான வகுப்பு மாதிரி ஆகிவிடும். கடன் வாங்கியது சோம்பேறித்தனத்தால் என்று தோன்றவில்லை. தலையின் வேலையை மனசிடமிருந்து பிரித்துச் சொல்ல ஒரு சொல் தேவைப்பட்டது, எடுத்துக்கொண்டோம்.

இது தமிழின் ஏழ்மை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஜெர்மனும் இதே சொல்லோடு மல்லுக்கட்டியிருக்கிறது. ஹெகல் 1807-இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் 'கைஸ்ட்' என்ற சொல் இருக்கிறது. 1910-இல் வந்த பெய்லியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதை 'மைண்ட்' என்றது. 1977-இல் வந்த மில்லரின் மொழிபெயர்ப்பு 'ஸ்பிரிட்' என்றது. எதிர்த்திசையில் நடந்தது இன்னும் சுவை. கில்பர்ட் ரைல் 1949-இல் எழுதிய 'தி கான்செப்ட் ஆஃப் மைண்ட்', உடல் என்ற எந்திரத்துக்குள் ஒரு ஆவி உட்கார்ந்திருப்பதாக நம்புவதைக் கிண்டல் செய்யும் நூல். ஜெர்மனில் அதன் தலைப்பு 'டெர் பெக்ரிஃப் டெஸ் கைஸ்டஸ்'. 'கைஸ்ட்' என்றால் ஆவி, பேய் என்றும் பொருள் உண்டு. ரைல் விரட்டிய பேய் அட்டையிலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது!

தத்துவத்தில் இது சிரிப்போடு போகும். சட்டத்தில் அப்படிப் போகாது. இந்தியச் சட்டங்களில் 'சவுண்ட் மைண்ட்' என்ற சொற்கட்டு பல இடங்களில் வருகிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டப்படி ஒப்பந்தம் செய்ய அது வேண்டும். 1925-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி உயில் எழுதவும் வேண்டும். இல்லாதவரைப் பழைய தமிழ்ச் சட்டநடை 'சித்த சுவாதீனம் இல்லாதவர்' என்றது. இப்போது எளிமை கருதி 'மனநிலை சரியில்லாதவர்' என்று எழுதுகிறோம். அங்கேதான் சிக்கல்.

2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் ஒரு முக்கியமான வேறுபாட்டைச் செய்கிறது. ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று முடிவு செய்யப்பட்டதாலேயே அவர் 'அன்சவுண்ட் மைண்ட்' உள்ளவர் ஆகிவிட மாட்டார். உரிய நீதிமன்றம் அப்படி அறிவித்திருக்க வேண்டும். இதைப் புதுப் பழக்கப்படி பெயர்த்துப் பாருங்கள்: 'மனநோய் உள்ளவர் என்பதாலேயே ஒருவர் மனநிலை சரியில்லாதவர் ஆகிவிடமாட்டார்.' படிப்பவர் தலையைச் சொறிவார். சட்டம் கவனமாகப் பிரித்து வைத்த இரண்டையும் மொழிபெயர்ப்பு ஒன்றாக ஒட்டிவிட்டது. 'சித்த சுவாதீனம் அற்றவர் ஆகிவிடமாட்டார்' என்று எழுதினால் வாக்கியம் நிமிர்ந்து நிற்கிறது. பழைய சொல்தான், கொஞ்சம் கரடுமுரடு. ஆனால் மருத்துவரின் முடிவையும் நீதிமன்றத்தின் முடிவையும் அது வேறு வேறாக வைக்கிறது. மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, வேலைக்கும் போய்க்கொண்டு, சொத்தைப் பற்றித் தானே முடிவெடுக்க விரும்பும் ஒருவருக்கு இந்த ஒரு சொல்லின் மதிப்பு என்னவென்று யோசியுங்கள்.

போதாக்குறைக்கு 'மனசு சரியில்ல' என்று நாம் தினமும் சொல்கிறோம். அதற்குப் பொருள் இன்னிக்குக் கொஞ்சம் வருத்தமா இருக்கேன், அவ்வளவுதான். 'மனநிலை சரியில்லாதவர்' என்பதோ, செய்தித்தாளில் வந்தால், ஒரு ஆளின் மேல் ஒட்டப்படும் முத்திரை. இரண்டுக்கும் இடையில் சில எழுத்துகள்தான் தூரம். வருத்தமாயிருக்கும் ஒருவர் உதவி கேட்கத் தயங்குவதற்கு அந்தத் தூரக்குறைவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஆகவே மொழிபெயர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை 'மைண்ட்' வந்தால் உடனே மனம் என்று எழுதாதீர்கள். அங்கே வேலை செய்வது நினைவா, புத்தியா, கவனமா, விருப்பமா, சித்தமா என்று ஒரு நிமிடம் பாருங்கள். இத்தனை சொற்கள் நம்மிடம் சும்மா இல்லை.