அரங்கும் ஆசானும்

கலையைப் புரக்க விழையும் நகரொன்று முதலிற் செய்யற்பாலது யாது? இவ்வினாவுக்குச் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தெளிவான விடை தருகின்றது. மாதவி சோழன் அவையில் ஆடிய செய்தியைக் கூறப் புகுந்த இளங்கோவடிகள் அரங்கினின்று தொடங்கினாரல்லர். அவள் ஏழாண்டு பயின்று, பன்னீராண்டு நிரம்பியபோது அவைக்கு வந்தமையை முதலிற் சொல்லுகின்றார். அடுத்து ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையோன், குழலோன், யாழாசிரியன் என்னும் அறுவரின் தகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாக விரிக்கின்றார். அதன் பின்னரே எட்டுக்கோல் நீளமும் ஏழுகோல் அகலமும் ஒருகோல் உயரமும் கொண்ட அரங்கு வருகின்றது. மன்னன் அளித்த ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் இறுதியில் இடம்பெறுகின்றது. ஆசான், அரங்கு, பரிசில் என்பதே அடிகள் கண்ட முறை. அம்முறையை அளவுகோலாகக் கொண்டு யாழ்ப்பாண நகரின் கலைப்புரவினை ஈண்டு ஆராய்வாம்.

நம் நாட்டின் பழைய புரவு கோயிற் புரவாகும். திருவிழாக்களில் உபயகாரர் ஈந்த பொருளே நாதசுர, தவிற் கலைஞர் குடும்பங்களைத் தாங்கிற்று. பிள்ளைகள் குருவின் அருகிருந்து, விழாதோறும் உடன்சென்று கற்றனர். தமிழகத்து வித்துவான்களும் வியந்து போற்றிய தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933-1975) அம்மரபின் விளைவேயன்றி எப்பரீட்சையின் விளைவுமல்லர். எனினும் அப்புரவைப் பிறப்பென்னும் வேலி சூழ்ந்திருந்தது. கலையைத் தலைமேற்கொண்ட ஊர், கலைஞனைத் தன்னோடு சரியாசனத்தில் இருத்தத் தயங்கியமை நாம் மறைத்தற்குரியதன்று.

அவ்வேலியைத் தளர்த்தியவை பாடசாலையும் பரீட்சையும் என்க. 1931ஆம் ஆண்டு தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை, படிமுறையான தேர்வுகளால் இசையையும் நடனத்தையும் எக்குடிப் பிள்ளையும் கற்கலாம் என்னும் நிலையை வளர்த்தது. 1960இல் மருதனார்மடத்தில் இராமநாதன் இசைக் கல்லூரி நிறுவப்பட்டது. மகாராஜபுரம் சந்தானம் போன்ற வித்துவான் அங்கு அதிபராயிருந்து பணியாற்றினார். 1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் அழகியற் கல்வியை இடைநிலை வகுப்புக்களின் பொதுப்பாடத்துட் சேர்த்தது. 1975இல் இராமநாதன் கல்லூரி பல்கலைக்கழகத்தோடு இணைக்கப்பட்டது. விழாவெடுத்துக் கொண்டாடுவாரின்றிக் கழிந்த இவ்விணைப்பே, என் கருத்தில், யாழ்ப்பாணம் பெற்ற பொதுப்புரவுகளுள் தலையாயது. இசையாசானுக்கு நிலையான ஊதியமும், பிற துறை ஆசிரியர்க்கொத்த மதிப்பும் அதனாற் கிடைத்தன.

ஆயினும் பரீட்சைக்குத் தனியே ஒரு குறையுண்டு. பாடத்திட்டத்துள் அடங்குவதையே அது கலையெனக் கணிக்கும். கூத்தை ஏட்டிலும் நினைவிலும் காத்துவந்த அண்ணாவிமாருக்குச் சான்றிதழ் இல்லை. ஆதலால் வகுப்பறை வாயிலும் அவர்க்கு எளிதில் திறப்பதில்லை. மாணவரோ சான்றிதழ் கைக்கு வந்ததும் வீணையை உறையிலிட்டு விடுகின்றனர். கலை கற்றார் தொகை பெருகியும், கலையை வாழ்வாகக் கொண்டார் தொகை அதற்கேற்பப் பெருகாமைக்கு இஃதொரு காரணம்.

இனி அரங்கிற்கு வருவாம். பொதுநூலகத்தின் அயலில், புல்லுக்குளத்தருகே, இந்திய அரசின் நன்கொடையால் எழுந்த கலாசார மண்டபம் 2023 பெப்ரவரியில் மக்களுக்குக் கையளிக்கப்பட்டது. 2025 சனவரியில் திருவள்ளுவர் பெயரைப் பெற்றது. ஏறத்தாழ 600 பேர் அமரும் அரங்கும், பதினொரு மாடிக் கோபுரமும், அருங்காட்சியகமும் அதன்கண் உள்ளன. நன்கொடையை நன்றியோடு ஏற்றல் முறையே. ஆயின் அதனைப் பராமரிக்கும் செலவை மாநகரசபை தனித்துத் தாங்கவியலாது என்னும் கவலை திறப்பு விழாவுக்கு முன்னரே எழுந்தது. அத்துணைக் கவலை, அம்மேடையில் ஏறவேண்டிய கலைஞரை யார் பயிற்றுவார் என்பது பற்றி எழவில்லை. அடிகள் முதலில் வைத்ததை நாம் இறுதியில் வைத்துள்ளோம்.

அரசின் சிறுபொருளும் முறையறிந்து செலவிடப்படின் பெரும்பயன் தரும் என்பதற்குப் பேராசிரியர் சு. வித்தியானந்தனின் பணி சான்றாகும். 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த இலங்கைக் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவிற்குத் தலைமை தாங்கிய அவர், மாடங்களை எழுப்பமுயன்றாரல்லர். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பேராதனை மாணவர்க்கு ஆசானாக்கினார். 1962இல் 'கர்ணன் போர்' மேடையேறிற்று. அங்குக் கூத்தாடிய மாணவருள் ஒருவரான சி. மௌனகுரு, பின்னாளில் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பல்கலைக்கழக மாணவர்க்கு அரங்கியல் கற்பித்தார். ஓர் அண்ணாவியாரை மதித்தழைத்ததன் பயன் தலைமுறை கடந்து தொடர்ந்தமை காண்க.

கட்டடம் கண்ணுக்குப் புலப்படும். அதிற் பெயரும் பொறிக்கலாம். ஆசானின் உழைப்போ பத்தாண்டு கழிந்தே புலப்படும், ஆதலின் புரப்போர் கட்டடத்தை விரும்புதல் இயல்பு எனச் சிலர் கூறுவர். இயல்பென்பது உண்மையே, அதனாற் சரியாகிவிடாது. பொதுப்பணம் வாக்காளரின் கண்ணுக்கு மட்டும் உரியதன்று. வறிய வீட்டிற் பிறந்து, குரலும் தாளமும் உடையதாய், தனிக்கல்விக்குப் பணமின்றி நிற்கும் பிள்ளைக்கும் அஃது உரியது.

ஆகவே மாநகரசபையும் மாகாணக் கல்வித் திணைக்களமும் மூன்று செயல்களை மேற்கொள்ளல் நன்று. ஒன்று, கூத்து அண்ணாவிமாரையும் நாதசுர, தவிற் கலைஞரையும், சான்றிதழ் கேளாது, ஊதியத்தோடு பாடசாலைகளுக்கு வருவித்தல். இரண்டு, திருவள்ளுவர் அரங்கிலே பாடசாலைகளுக்கென மாதந்தோறும் சில நாள்களைக் கட்டணமின்றி ஒதுக்குதல். சுவைக்கக் கற்ற அவையோரும் அங்கேயே உருவாவர். மூன்று, பொன்னாடைக்கும் பாராட்டு விழாவுக்கும் செலவிடும் பொருளில் ஒரு பங்கை வறிய மாணவரின் பயிற்சிக்கு மாற்றுதல்.

இவற்றுக்குப் புதிய மாளிகை எதுவும் வேண்டா. ஆண்டுதோறும் தவறாத சிறு ஒதுக்கீடும், கற்பிப்பவரை முன்வரிசையில் இருத்தும் மனமும் வேண்டும். ஒதுக்கீட்டை அதிகாரிகளிடம் கேட்டுப் பெறுதல் நம் கடன். பின்னதை நம் பாடசாலைகளே, அண்ணாவியார் ஒருவரை அடுத்த தவணைக்கு அழைப்பதன்மூலம், இன்றே தொடங்கலாம்.