வட்டியும் ஸ்வாரஸ்யமும்

ஆங்கிலத்தில் 'இன்ட்ரஸ்ட்' ஒரே வார்த்தை. சேமிப்புக் கணக்கில் வரவு வைக்கப்படுவதும் அதுதான். ஒரு சொத்தில் ஒருவனுக்குள்ள பாத்தியதை, ஒரு வர்க்கத்தின் நலன், பையனுக்குப் படிப்பில் இல்லாத அக்கறை, நாவலைக் கீழே வைக்கவிடாத குணம் எல்லாமும் அதுதான். தமிழில் ஒவ்வொன்றுக்கும் தனி வார்த்தை இருக்கிறது. இதை நம் மொழியின் வளம் என்று சொல்லிக்கொள்ளலாம். ஆனால் ஒரு அர்த்தம் பேசும்போது மற்றவை பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் நிலைமை நமக்கு இல்லாமல் போகிறது. எம்ப்ஸன் 1951இல் வெளியிட்ட 'தி ஸ்ட்ரக்சர் ஆஃப் காம்ப்ளெக்ஸ் வேர்ட்ஸ்' இந்த நிலைமையைப் பற்றியதுதான்.

மூலம் லத்தீன். 'இன்டர்' என்றால் இடையில்; 'எஸ்ஸெ' என்றால் இருத்தல். இடையில் இருப்பது, ஆகவே வித்தியாசப்படுவது, ஆகவே பொருட்படுத்த வேண்டியது என்று லத்தீனிலேயே அர்த்தம் நகர்ந்துவிட்டது. பணம் உள்ளே வந்தது மத்தியகாலச் சட்ட நிபுணர்கள் மூலம். கொடுத்த கடனுக்கு மேல் வாங்குவது பாவம் என்றது திருச்சபை. அந்தப் பாவத்தின் பெயர் 'யூஷரி'. ஆனால் சொன்ன தேதியில் பணம் திரும்பாமல் கொடுத்தவன் நஷ்டப்பட்டால், திரும்பியிருந்தால் அவன் இருந்திருக்கும் நிலைக்கும் இப்போதுள்ள நிலைக்கும் உள்ள வித்தியாசத்தை ஈடாகக் கேட்கலாம். அந்த இடைவெளிதான் 'இன்டரெஸ்ஸெ'. பாவத்துக்கும் நியாயத்துக்கும் நடுவே சட்டம் கண்டுபிடித்த சந்து. (சோழர் கல்வெட்டுகளில் வட்டிக்குப் 'பொலிசை' என்று பெயர். பொலிவது, பெருகுவது. நாம் களத்து நெல்லைப் பார்த்த இடத்தில் அவர்கள் பள்ளத்தைப் பார்த்திருக்கிறார்கள்.)

இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றியின் 1545ஆம் வருஷத்துச் சட்டம் பத்து சதவீதம் வரை அனுமதித்தது. 1552இல் அது ரத்தாயிற்று. 1571இல் திரும்பி வந்தது. அந்த நூற்றாண்டு முடிவதற்குள் 'வெனிஸ் வர்த்தகன்' எழுதப்பட்டபோது வார்த்தையின் சூடு ஆறியிருக்கவில்லை. தான் சிக்கனத்தால் சேர்த்ததை அன்டோனியோ 'இன்ட்ரஸ்ட்' என்கிறான் என்பது ஷைலக்கின் புகார். பாவத்தை மறைக்க வந்த மரியாதையான பெயர் அன்டோனியோ வாயில் வசவாகிவிட்டிருக்கிறது.

மன ஈடுபாடு என்ற அர்த்தம் பரவுவது 18ஆம் நூற்றாண்டில்தான். சொத்தில் பங்குள்ளவனுக்கு அதில் அக்கறை இருக்கும். பிறகு பங்கு உதிர்ந்து அக்கறை மட்டும் மிஞ்சுகிறது. 1884இல் ஹென்றி ஜேம்ஸ், நாவலுக்கு முன்கூட்டி விதிக்கக்கூடிய ஒரே கடமை அது 'இன்ட்ரஸ்டிங்' ஆக இருப்பதுதான் என்று எழுதினார். இதைத் தமிழில் 'ஸ்வாரஸ்யமாக இருக்க வேண்டும்' என்று பெயர்த்தால் ஜேம்ஸ் ஒரு தொடர்கதை ஆசிரியரின் ஆலோசகராகிவிடுகிறார்.

ஸ்வாரஸ்யம் என்பது 'ஸ்வரஸ'த்திலிருந்து வருவது. ரசம் பொருளுக்குள்ளேயே இருக்கிறது. வாசகன் கிண்ணத்தை நீட்டினால் போதும். 'இன்ட்ரஸ்ட்' அப்படியல்ல. அது படைப்புக்குள்ளும் இல்லை, வாசகனிடமும் இல்லை. வாசகன் ஏதாவது முதல் போட்டிருந்தால்தான் இடையில் ஏதாவது உண்டாகும். நம் மதிப்புரைகளில் 'ஸ்வாரஸ்யமான நாவல்' என்று எழுதுகிறவர்கள் தாங்கள் போட்ட முதலைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. சொல்லும்படி அந்த வார்த்தை அவர்களைக் கேட்பதுமில்லை.

இதைவிடச் சிக்கல் ஆர்னால்டிடம் வருகிறது. 1864இல் அவர் விமர்சனத்துக்கு விதித்த நிபந்தனை 'டிஸின்ட்ரஸ்டட்னஸ்'. ஈடுபாடின்மை அல்ல, அதற்கு வேறு வார்த்தை உண்டு. (17ஆம் நூற்றாண்டில் இந்த இரண்டும் இடம் மாறிக்கூட இருந்தன. 'டிஸின்ட்ரஸ்டட்' என்றால் ஈடுபாடில்லாதவன், 'அனின்ட்ரஸ்டட்' என்றால் பாரபட்சமற்றவன்.) ஆர்னால்டு கேட்பது, முடிவில் தனக்குப் பங்கு இல்லாத, ஆனால் கவனம் முழுவதும் உள்ள ஒருவனை. இதற்குப் 'பற்றற்ற' என்று போட்டால் விமர்சகன் காவி கட்டிவிடுகிறான். 'நடுநிலை' என்றால் கையில் தராசு வந்துவிடுகிறது. இருபக்கமும் கொஞ்சம் கொஞ்சம் சொல்லிவிட்டு நகர்கிற நம் சமர்த்து மதிப்புரைகள் எல்லாம் அதில் பாஸாகிவிடும். 'விருப்பு வெறுப்பற்ற' இன்னும் மோசம். விருப்பு இல்லாமல் கவிதையை ஒருவன் எதற்காகப் படிக்க வேண்டும்?

மூன்றிலும் விட்டுப்போவது பணம். நண்பனின் தொகுப்பைப் பாராட்டுகிறவனுக்கு அதில் அக்கறை இருக்கிறது, உண்மையாகவே இருக்கிறது. அடுத்த இதழில் தன் தொகுப்புக்கு மதிப்புரை வரும் என்ற கணக்கும் இருக்கிறது. தமிழில் முதலாவது ஈடுபாடு, இரண்டாவது உள்நோக்கம். இரண்டும் வெவ்வேறு வார்த்தைகள் என்பதால் ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்துக்கொள்ள முடிகிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பெயர். எந்த இன்ட்ரஸ்ட் என்று வார்த்தையே கேட்டுவிடுகிறது.

நானாக இருந்தால் 'ஆதாயம் பாராத அக்கறை' என்று போடுவேன். ஒரு வார்த்தைக்குப் பதில் மூன்று ஆகிறது, கடைத்தெரு வாடையும் அடிக்கிறது. அந்த வாடைக்காகத்தான் இதைத் தேர்ந்தெடுக்கிறேன். ஆதாயமில்லாமல் ஆற்றோடு போவானா என்று கேட்கிற ஊரில், ஆற்றோடு போகிற விமர்சகன் எதைப் பிடித்துக்கொண்டு போகிறான் என்று பார்ப்பதற்கு இந்தப் பிரயோகம் உதவும்.