மேசைக்கு மேசை நடப்பவர்கள்

“நேத்துப் பாஸ் பண்ணின பசங்களையா லேப்ல நிறுத்துறீங்க?” என்று தமிழகக் கல்லூரியொன்றின் வேதியியல் பேராசிரியர் என்னிடம் கேட்டார். நல்ல மனிதர். தேநீர் தந்து, தன் துறையின் ஒவ்வோர் அறையையும் திறந்து காட்டியவர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முதலாம் வருட ஆய்வுகூடத்தைத் தாங்கி நிற்பவர்கள் சிறப்புப் பட்டம் முடித்துச் சில மாதங்களேயான தற்காலிகச் செய்துகாட்டுநர்கள் என்று நான் பெருமையோடு சொன்னதற்கு அவர் தந்த பதில் அது. நானும் அந்த வேலை பார்த்தவன். கேள்வி தைத்தது.

எங்கள் ஏற்பாடு இப்படி. பரிசோதனைக்குப் பொறுப்பான விரிவுரையாளர் தொடக்கத்தில் விளக்கம் தருவார். தொழில்நுட்ப உத்தியோகத்தர் கரைசல்களையும் உபகரணங்களையும் ஆயத்தம் செய்து வைப்பார். அதன்பின் மூன்று மணி நேரம் மேசைக்கு மேசை நடப்பவர் செய்துகாட்டுநர். பிள்ளைகள் வருமுன்பே அந்தப் பரிசோதனையைத் தன் கையால் ஒருமுறை செய்து பார்த்திருப்பார். கரைசலின் செறிவு பிழைத்திருந்தால் அப்போதே பிடிபட்டுவிடும். கொப்பி திருத்துபவரும் வாய்மொழிக் கேள்வி கேட்பவரும் அவரே.

இதன் அருமை விளங்க எங்கள் பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று பார்க்க வேண்டும். இலங்கையின் க.பொ.த. உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்களுக்குச் செய்முறைப் பரீட்சை இல்லை. நியமிப்பு வரைபைப் பிழையின்றிக் கீறத் தெரிந்த பிள்ளை, அளவியை ஒருமுறைகூடத் தொடாமல் வந்திருக்கலாம். முல்லைத்தீவிலோ மன்னாரிலோ ஆய்வுகூடம் பேருக்கு மட்டுமே உள்ள பாடசாலையிலிருந்து வரும் பிள்ளையின் கை நடுங்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்தக் கைக்குப் பக்கத்தில் போய், “தம்பி, திருகை இறுக்கிப் பிடியாதையும். கடைசித் துளியைக் கழுவற் போத்தலாலை கழுவி இறக்கும்” என்று சொல்ல, நாலு வருடத்துக்கு முன் அதே மேசையில் அதே கரைசலைக் கடுஞ்சிவப்பாக்கியவரைவிடத் தகுதியானவர் யார்? பேராசிரியருக்கு அந்தத் தடுமாற்றம் மறந்து முப்பது வருடமாகியிருக்கும்.

மொழியும் இருக்கிறது. உயர்தரம் வரை எல்லாவற்றையும் தமிழில் படித்த பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் செய்முறைக் கையேடு ஆங்கிலத்தில் கிடைக்கிறது. இரசாயனவியல், ஒட்சிசன், ஐதரொட்சைட்டு, குழாயி, முடிவுப்புள்ளி, பன்சன் சுடரடுப்பு என்று மனத்தில் பதிந்தவற்றை ஒரே தவணையில் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். அந்த மாற்றத்தைத் தானே அண்மையில் கடந்தவர்தான் இரண்டு மொழியிலும் கைபிடித்துக் கூட்டிச் செல்கிறார். தமிழகத்தில் வேதியியல், ஆக்சிஜன், பிப்பெட், தரம்பார்த்தல் என்கிறார்கள். எங்கள் ‘நியமிப்பு’ அந்தப் பேராசிரியருக்கு வேலை நியமனமாகவே கேட்டது. ஒரே கண்ணாடிக் குழாயைப் பிடித்துக்கொண்டு இரண்டு தமிழர் சற்றுநேரம் பேர் ஒப்பிட்டு மகிழ்ந்தோம். அங்கேயும் தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு இதே பாடு உண்டு. ஆனால் அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ்வழியிலேயே பி.எஸ்சி. படிக்க இடமிருக்கிறது. எங்கள் பிள்ளைக்கு அந்த வழி இல்லை.

நான் நின்று பார்த்த தமிழக ஆய்வகங்களில் பாடம் நடத்தும் பேராசிரியரே செய்முறை வகுப்பிலும் நிற்கிறார். ஒழுங்கு கண்ணில் படுகிறது. அப்சர்வேஷன் நோட்டில் அன்றைக்கே கையெழுத்து, பிறகு ரெக்கார்டு நோட்டு, ஆண்டிறுதியில் வெளியிலிருந்து வரும் தேர்வாளர். பிளஸ் டூவிலேயே வேதியியலின் நூறு மதிப்பெண்ணில் 20 செய்முறைத் தேர்வுக்கு என்பதால், பியூரெட்டைப் பிடிக்கத் தெரிந்தே பிள்ளைகள் கல்லூரிக்கு வருகிறார்கள். இது எங்களிடம் இல்லாதது; இருக்க வேண்டியது. ஆனால் ரெக்கார்டின் அழகுக்குச் செலவாகும் நேரம் எனக்கு உறுத்தியது. எங்கள் கொப்பியில் கறை இருக்கும். வாசிப்பு வாசித்தபடியே இருக்கும்.

அங்கே உதவிக்கு நிற்பவர் ஆய்வக உதவியாளர். நிரந்தர வேலை; எந்தப் போத்தல் எந்த அலுமாரியில் என்பது முதல் எந்தத் தராசு எப்போது முரண்டு பிடிக்கும் என்பது வரை விரல்நுனியில் வைத்திருப்பவர். அவருடைய கைத்திறனுக்கு முன் எங்கள் இளம் செய்துகாட்டுநர்கள் மாணவர்களே. ஆனால் “ஏன் சேர் நிறம் திரும்பிப் போகுது?” என்று பிள்ளை கேட்டால் விடை சொல்வது அவர் பொறுப்பில் இல்லை. பெரிய நிறுவனங்களின் கதை வேறு. ஐ.ஐ.டி.களில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் உதவித்தொகையோடு வாரத்தில் சில மணி நேரம் கற்பித்தலுக்கு உதவுகிறார்கள். அந்தத் தொகை 2023 முதல் மாதம் 37,000 இந்திய ரூபாய். எங்கள் பிள்ளைகள் கனவிலும் காணாத தொகை. இருந்தாலும் அந்த ஆய்வாளர்களுக்குக் கற்பித்தல் ஆராய்ச்சிக்கிடையில் முடிக்கும் கடமை. எங்கள் செய்துகாட்டுநருக்கு அந்த வருடம் முழுவதும் அதுதான் வேலை.

பேராசிரியரின் கேள்விக்கு அவர் நாட்டிலேயே விடை இருக்கிறது. வத்திராயிருப்பில் 1898இல் பிறந்த இயற்பியலாளர் கே.எஸ். கிருஷ்ணன், பட்டம் பெற்றதும் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பார்த்த வேலை வேதியியல் செய்துகாட்டுநர் வேலைதான். மதிய இடைவேளையில் மாணவர்கள் அவரைச் சுற்றி உட்கார்ந்து இயற்பியலிலும் வேதியியலிலும் நினைத்ததையெல்லாம் கேட்பார்களாம். 1920இல் கல்கத்தாவுக்குப் போனார். 1928இல் ராமன் விளைவைக் கண்டறிந்த சோதனைகளில் ராமனோடு நின்றவர் அவர். அன்றைக்கு அந்தக் கல்லூரிக்கு அவரும் நேற்றுப் பாஸ் பண்ணினவர்தான். இந்தியாவிலும் வேரோடியிருந்த அந்தப் பதவியை நான் போன கல்லூரிகளில் காணவில்லை. எங்களிடம் இன்னும் இருக்கிறது.

எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போர் நடந்த தொண்ணூறுகளின் முற்பகுதியில் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரமில்லை. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை. ஜாம் போத்தல் விளக்கில் படித்துப் பட்டம் பெற்றவர்கள் அடுத்த அணிக்குச் செய்துகாட்டுநராக நின்றார்கள். 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வில், பல்கலைக்கழகம் இருக்கும் வலிகாமமே வெளியேறியது; அடுத்த வருடம் திரும்பி வந்து மறுபடி ஆய்வுகூடத்தைத் திறந்தபோதும் இளையவர்களே முன்னால் நின்றார்கள். 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு என்று வந்தபோது, வடக்கில் மூத்தவர்கள் யாரும் திகைக்கவில்லை.

அதற்காக எங்கள் நிர்வாகத்தை நான் மெச்ச மாட்டேன். ‘தற்காலிகம்’ என்ற சொல்லோடு ஒருவரை எடுத்து, அவர் பிள்ளைகளின் கையைப் படிக்கத் தொடங்கும் நேரத்தில் ஒப்பந்தத்தை முடித்து அனுப்புகிறோம். நல்லவர்கள் அமெரிக்காவுக்குப் போய் அங்கே கற்பித்தல் உதவியாளராக நின்று கலாநிதிப் பட்டம் முடிக்கிறார்கள். இங்கே புதியவர் தொடக்கத்திலிருந்து தொடங்குகிறார். தமிழகத்து ஆய்வக உதவியாளருக்கு இருக்கும் நிரந்தரத்தில் பாதியையாவது இவர்களுக்குக் கொடுக்கலாம். துறைக்கு இரண்டு பேரை மூன்று வருட ஒப்பந்தத்தில், முதுவிஞ்ஞானமாணிப் படிப்போடு சேர்த்து வைத்திருந்தால் போதும்.