ரிவர்ஸ்டன் காற்றுக்கு எந்தக் கம்பைலர்?

ரத்தோட்டையிலிருந்து இலுக்கும்புர போகும் பாதையில் ரிவர்ஸ்டன் வந்ததும் வண்டிக் கதவை முதலில் பிடித்து இழுப்பது காற்றுதான். நக்கிள்ஸ் மலையின் அந்தக் காற்றை நாள் முழுக்க அளந்து பதிய வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒரு ராஸ்பெரி பை சீரோ, சுழலும் கிண்ணக் காற்றுமானி, பவர் பேங்க், சி மொழியில் எழுதிய சிறு நிரல் ஆகியவற்றோடு போனேன். மின்சாரம் கொடுத்ததும் திரையில் ஒரே வரி: 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்'. வீட்டில் பை 3இல் ஒழுங்காக ஓடிய அதே நிரல்!

சீரோவிலேயே கம்பைல் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். அளவுகளைச் சேமிக்க எஸ்கியூலைட்டைச் சேர்த்திருந்தேன். அது மட்டுமே இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். ஒற்றைக் கோர், 512 எம்பி நினைவகம் உள்ள பலகையில் ஒவ்வொரு திருத்தத்துக்கும் காத்திருக்க முடியாது. அதனால்தான் மடிக்கணினியில் டெபியன் தரும் ஆர்ம்எச்எஃப் குறுக்குக் கம்பைலரை நிறுவினேன். ஒரே கட்டளை, சில நிமிடம். பை 2, பை 3 போன்ற பலகைகளுக்கு இன்றும் அதையே சொல்வேன்.

ஆனால் டெபியனின் ஆர்ம்எச்எஃப் குறைந்தபட்சம் ஆர்ம்வி7 கேட்கும். பை சீரோவின் ஆர்ம்1176 சில்லு ஆர்ம்வி6. 2012இல் ராஸ்பியன் தனியாகப் பிறந்ததே இந்த இடைவெளியை அடைக்கத்தான். கம்பைலருக்கு 'வி6' என்று கொடி கொடுத்தாலும் தீராது. நம் வரிகள் மட்டும் வி6 ஆகும். நிரலைத் தொடக்கிவைக்கும் சிறு கோப்புகளும் உடன் இணையும் லைப்ரரித் துண்டுகளும் ஏற்கெனவே வி7இல் கட்டப்பட்டவை. மாத்தளைக்கு இறங்கிவந்து, நிரல் கோப்பை 'ரீட்எல்ஃப்' கருவி கொண்டு பார்த்தபோது சில்லு வகைக்கான வரியில் 'வி7' என்றே இருந்தது. மலை ஏறும் முன் பத்து விநாடி செலவழித்து அதைப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்து கிராஸ்டூல்-என்ஜி. பட்டியல் திரையில் சில்லையும் மிதவைப் புள்ளி அலகையும் சி லைப்ரரியையும் நாமே தேர்ந்தால், டூல்செயினை, அதாவது கம்பைலரையும் துணைக் கருவிகளையும், மூலநிரலிலிருந்து கட்டித் தரும். என் மடிக்கணினியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மூலப் பொதிகளை இறக்க நல்ல இணைப்பும் வேண்டும். அந்தப் பொறுமைக்குப் பலன் உண்டு. கிளிப்சிக்குப் பதில் மசில் லைப்ரரியைத் தேர்ந்து, எல்லாவற்றையும் ஒரே கோப்பாக நிலையாக இணைத்தேன். கிளிப்சி 2.34 அல்லது அதற்குப் பிந்தியதில் கட்டிய சாதாரண நிரல்கூட, 2.31 உள்ள பழைய எஸ்டி அட்டையில் ஓட மறுக்கும். மசிலில் அந்தச் சிக்கலே இல்லை. தவிர, 1.2 பதிப்பிலிருந்து 32 பிட் பலகைகளிலும் அது நேரத்தை 64 பிட்டில் வைக்கிறது. 2038ஐத் தாண்டியும் தேதி புரளாது. காற்றைப் பதியும் கருவிக்கு இது எனக்கு முக்கியம்.

ஸிக் மொழியோடு வரும் சி கம்பைலரையும் சோதித்தேன். ஒரு பொதியை விரித்தால் போதும்; சில்லின் பெயரைச் சொன்னால் லைப்ரரியையும் அதற்கேற்பக் கட்டிக்கொள்ளும். வேகமும் எளிமையும் மிகப் பிடித்தன. இன்னும் 1.0ஐத் தொடாததால், ஆண்டுக்கணக்கில் மலையில் விடும் வேலைக்கு அதை நம்ப மனம் வரவில்லை.

இரண்டாம் முறை ஏறியபோது கிராஸ்டூல்-என்ஜி கட்டிய கோப்புதான் சீரோவில் இருந்தது. ரிவர்ஸ்டன் உச்சியின் தொலைத்தொடர்புக் கோபுரம் மூடுபனிக்குள் மறைந்திருந்தது. கிண்ணங்கள் சுழல, விநாடிக்கு ஒரு வரி விழுந்தது. டூல்செயினையும் அதைக் கட்டிய அமைப்புக் கோப்பையும் ஒரே பென்டிரைவில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.