பளபளப்புக்கு அடியில் நாற்பது நானோமீட்டர்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் பாலிஷ் பட்டறை ஒன்றுக்குள் நுழைந்தால் முதலில் காது அடைத்துப்போகும். பேரலுக்குள் பீங்கான் கற்களோடு உதிரிபாகங்கள் உருளும் இரைச்சல் அது. வெளியே எடுத்த பாகத்தை மேஸ்திரி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். ஓரத்தை விரலால் தடவுவார். பிசிறு இல்லை, கோடு இல்லை என்றால் சரக்கு போகலாம். அந்தக் கண்ணின் மீதும் விரலின் மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு.

இதே பேரல் உத்தி இந்தூரின் ராஜா ராமண்ணா மையத்தில் துகள் முடுக்கிகளுக்கான நையோபியம் கேவிட்டிகளுக்கும், அதாவது துகள்களை உந்தும் உள்ளீடற்ற உலோக அறைகளுக்கும், பயன்படுகிறது. அங்கே கண் மட்டும் போதாது. 9.2 கெல்வினுக்குக் கீழே நையோபியம் மீக்கடத்தியாகிவிடும். ரேடியோ அதிர்வெண் மின்னோட்டம் உட்சுவரின் மேல் சுமார் 40 நானோமீட்டர் ஆழத்திலேயே ஓடும். தலைமுடியின் தடிமனில் ஏறக்குறைய ஈராயிரத்தில் ஒரு பங்கு. கேவிட்டியின் தலையெழுத்து அந்த மெல்லிய தோலில்தான் இருக்கிறது.

கேவிட்டி செய்ய நையோபியம் தகட்டை அழுத்தி வளைக்கும்போது சேதமாகும் மேலடுக்கை 100 முதல் 150 மைக்ரோமீட்டர் வரை அகற்ற வேண்டும். ஹைட்ரோஃபுளோரிக், நைட்ரிக், பாஸ்பாரிக் அமிலக் கலவையில் அரிப்பது எளிது. சிக்கலான வடிவத்துக்கும் ஒத்துவரும். ஆனால் படிக எல்லைகளில் படிக்கட்டுபோல் மேடுபள்ளம் விழும். கலவை 15 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்துவிடும். நம் ஊர் வெயிலில் குளிரூட்டி இல்லாமல் நினைத்தே பார்க்க முடியாது. மின்மெருகு இன்னும் வழவழப்பாக வரும், உயர்ந்த மின்புலத்தைத் தாங்கும். அதிலும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டு.

பேரல் அந்த அமிலத்தைப் பெருமளவு மிச்சப்படுத்துகிறது. வெல்டிங் குழிகளையும் தேய்த்துச் சமன் செய்கிறது. அதனால்தான் இதை ஆதரிக்கிறேன். ஆனால் கண்ணாடிபோல் மின்னும் அந்தச் சுவரில் தேய்ப்புக்கல்லின் துகள்கள் பதிந்திருக்கும், படிக அமைப்பு குலைந்திருக்கும், ஹைட்ரஜனும் ஏறியிருக்கும். பிறகு மின்மெருகில் ஒரு மெல்லிய அடுக்கை எடுத்து, வெற்றிடச் சூளையில் 800 டிகிரியில் சுட்டால்தான் அது கேவிட்டி. பளபளப்பை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான்.

அமெரிக்காவின் ஃபெர்மிலாபில் அன்னா கிராசெல்லினோ குழு 2013இல் வெளியிட்ட நைட்ரஜன் முறையையும் பலர் புகழ்கிறார்கள். சூளையில் சில நிமிடம் நைட்ரஜன், பின் சில மைக்ரோமீட்டர் மின்மெருகு. வெப்ப இழப்பு வெகுவாகக் குறைகிறது. ஆனால் தாங்கும் உச்ச மின்புலமும் குறைகிறது. இடைவிடாது ஓடும் முடுக்கிக்கு நல்லது. உச்ச மின்புலம் வேண்டிய இடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பெரும்பகுதிக்குப் பேரல், கடைசித் தோலுக்கு மட்டும் அமிலம் என்பதே என் தேர்வு. காரணம் அறிவியல் மட்டுமல்ல. நீர்த்த ஹைட்ரோஃபுளோரிக் கையில் பட்டால் உடனே எரியாது. வேலை முடித்து வீட்டுக்குப் போனபின் வலிக்கத் தொடங்கும். அதற்குள் திசுவைத் துளைத்து எலும்பை நோக்கி இறங்கியிருக்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிக்ளிங் பேஸ்ட்டில் கலந்திருப்பதும் இதே அமிலம்தான். ஆவடியிலோ பூந்தமல்லியிலோ அதைப் பூசும் பட்டறை நடத்துபவர்கள், முதலுதவிக்கான கால்சியம் குளுக்கோனேட் களிம்பைத் தொழிலாளியின் கைக்கெட்டும் தூரத்தில் இன்றே வாங்கி வையுங்கள்.