பேட்ஜின் பின்பக்க எண்

முதல் உலகப் போரில் காயத்தாலோ நோயாலோ படையிலிருந்து விடுவிக்கப்பட்ட பிரிட்டிஷ் வீரர்களுக்கு 1916 செப்டம்பர் முதல் ஒரு வெள்ளி பேட்ஜ் கொடுத்தார்கள். 'சில்வர் வார் பேட்ஜ்' என்று பெயர். நடுவில் மன்னர் ஐந்தாம் ஜார்ஜின் முத்திரை எழுத்துகள். பின்பக்கம் ஊசியும் ஓர் எண்ணும். அந்தப் போரின் பதக்கங்களில் வீரரின் பெயரும் படைப்பிரிவும் பொறித்திருக்கும். இதில் பெயர் கிடையாது. பத்து லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்ட இந்த பேட்ஜ்கள் இன்றும் ஏலத்தில் கைமாறுகின்றன. வாங்கியவர்கள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு முதல் உரிமையாளரைத் தேடுகிறார்கள்.

தேடத்தான் வேண்டும். லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இதற்கான பதிவேடுகள் இருக்கின்றன; இணையத்திலும் கிடைக்கின்றன. எண்ணுக்கு நேரே ஒரே வரி: பெயர், பதவி, படையில் சேர்ந்த நாள், விடுவிக்கப்பட்ட நாள், காயமா நோயா என்ற காரணம். பல வரிகளில் ராணுவ விதி 392-இன் பதினாறாம் உட்பிரிவு குறிக்கப்பட்டிருக்கும். போர்ப்பணிக்கு இனி உடல் தகுதியில்லை என்பது அதன் பொருள். பார்வைக்கு அற்பமான வரிதான். ஆனால் 1940-இல் லண்டன்மீது ஜெர்மனி வீசிய குண்டுகளில் அந்தப் போரின் வீரர் கோப்புகளில் பாதிக்கு மேல் எரிந்துபோயின. பிரிட்டனுக்குள்ளேயே பணியாற்றி நோயாளியாக வெளியேறியவருக்குப் போர்ப் பதக்கமும் கிடையாது. அப்படிப்பட்டவர் ராணுவத்தில் இருந்ததற்கு எஞ்சிய ஒரே சான்று இந்த வரியாகவும் இருக்கலாம். இந்த ஒன்றுக்காகவே இத்தேடலை மதிக்கிறேன்.

கோளாறு அந்த வரிக்கு அப்பால்தான் தொடங்குகிறது. பேட்ஜ் எண் வேறு, வீரரின் படை எண் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர் தொடர்பே இல்லாத ஒருவரிடம் போய் நிற்பார். கடற்படை பேட்ஜ்களில் எண்ணுக்கு முன் 'ஆர்.என்.' என்ற எழுத்துகள் உண்டு. அவற்றை விட்டுவிட்டாலும் ஆள் மாறிவிடும். இவையாவது திருத்தக்கூடிய பிழைகள். பெயர் கிடைத்ததும் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குத் தாவுவதுதான் பெரிய ஆபத்து. ஜான் ஸ்மித்கள் ஊருக்கு ஊர் இருந்த நாடு அது. வயதும் ஊரும் ஏறக்குறைய ஒத்துப்போனால் போதும், மனைவி, பிள்ளைகள், தொழில் எல்லாம் அவர் கணக்கில் ஏறிவிடுகின்றன. எண் உறுதியானது என்பதால் அதன்மேல் அடுக்கிய ஊகங்களும் உறுதியானவைபோல் தோன்றுகின்றன.

இன்னொரு கேள்வி எனக்கு இதைவிட முக்கியம்: கண்டுபிடித்ததில் எதை வெளியே சொல்லலாம்? 1914-இல் அட்மிரல் பிட்ஸ்ஜெரால்ட் தொடங்கிவைத்த இயக்கத்தில், சாதாரண உடையில் தென்பட்ட ஆண்களின் கையில் பெண்கள் வெள்ளை இறகைத் திணித்துக் கோழை என்று அவமதித்தார்கள். போரில் உடைந்து திரும்பியவர்களும் தப்பவில்லை. சட்டையின் வலப்புறம் இந்த பேட்ஜ் இருந்தால் கடமையைச் செய்தவர் என்று தெரியும். என்ன காயம், என்ன நோய் என்று அது சொல்லாது. அந்த மறைப்பில் ஒரு மரியாதை இருந்தது. இன்றைய தேடலோ எஞ்சிய கோப்புகளைப் புரட்டி, காசநோயா மனநிலைப் பாதிப்பா என்பதையும் எடுத்து எழுதுகிறது. குடும்பத்தார் தெரிந்துகொள்ள விரும்பினால் அது அவர்கள் உரிமை. விலையை ஏற்றுவதற்காக ஒரு வியாபாரி அதை விளம்பரத்தில் சேர்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொலைந்த பேட்ஜுக்கு மாற்று தரமாட்டோம் என்று அன்றைய போர் அலுவலகம் அறிவித்திருந்தது. யாராவது கண்டெடுத்துக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தால் அது போர் அலுவலகத்துக்குத் திரும்பும். விடுவிக்கப்பட்டபோது வீரர் கொடுத்த முகவரியில் அவர் கிடைத்தால் அவரிடமே போய்ச் சேரும். எண் பொறித்ததால் அன்று உரியவருக்கே பயன் கிடைத்தது.

இன்று தேடுபவர்களிடம் நான் எதிர்பார்ப்பது அதிகமில்லை. பதிவேட்டு வரியை உள்ளபடியே முதலில் கொடுங்கள். கணக்கெடுப்பிலிருந்து சேர்த்ததைத் தனியே வையுங்கள். எந்தச் சான்றால் அதே ஆள் என்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். சான்று பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் என்றால் பதிவேட்டு வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.